பல்கலைக்கழகச் சான்றிதழா, பிஎம்பி தேர்வா?

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பள்ளி போன்றவை வழங்கும் திட்ட மேலாண்மைச் சான்றிதழையும், அமெரிக்காவின் பிஎம்ஐ (திட்ட மேலாண்மை நிறுவனம்) என்ற தொழில் அமைப்பு தேர்வு நடத்தி வழங்கும் பிஎம்பி (திட்ட மேலாண்மை வல்லுநர்) தகுதியையும் பலர் ஒன்றுக்கொன்று மாற்றாகவே கருதுகின்றனர். உண்மையில் முன்னது படிப்பு, பின்னது அனுபவத்துக்கான சோதனை. பட்டதாரி ஒருவர் பிஎம்பிக்கு விண்ணப்பிக்க, திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்ட வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் தாம் செய்தது என்ன என்று விண்ணப்பத்தில் எழுதவேண்டியிருப்பதால், மேலாளர் என்ற பதவிப் பெயர் மட்டும் அங்கே உதவாது.

தொடர்கல்வி வகுப்பில் அனுபவம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, எது முடிந்தால் எது தொடங்கும் என்று வலைப்படம் வரைந்து, எந்தப் பணி ஒரு நாள் தாமதித்தால் திட்டம் முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக் கண்டறிகிறார். ஆசிரியர் அதைத் திருத்தித் தருவது, பிஎம்பி தேர்வுக்கான மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்வதைவிட மேலான பயிற்சி என்பது என் கருத்து.

செலவு பொதுவாகப் படிப்புக்கே கூடுதல். எனினும் அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை; பிஎம்பியையோ 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள் (பயிற்சி போன்றவற்றுக்குக் கிடைப்பவை) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். வேலை விளம்பரங்கள் பெயர் சொல்லிக் கேட்பது பெரும்பாலும் பிஎம்பியைத்தான் (சற்றே எரிச்சலூட்டும் உண்மை இது). அனுபவம் குறைந்தவர்கள் முதலில் வகுப்பில் சேரலாம். திட்ட மேலாண்மை கற்ற அந்த நேரத்தைப் பின்னர் 35 மணி நேரக் கணக்கில் காட்ட முடியும்.