ஒயாசிஸ் பச்சைக் கட்டி: வன்னியில் பூச்சோடினைக்கு இறங்குபவர்கள் வாங்க முன்னர்

"புதுசாப் பூச்சோடினை தொடங்கப் போறன், என்ன சாமான் வேணும்?" என்று கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பச்சைக் கட்டியைத்தான்; தண்ணீரில் ஊற வைத்துப் பூத்தண்டைக் குத்தி நிறுத்தும் பிசின் நுரைக் கட்டி அது. 23 சென்ரிமீற்றர் நீளம், 11 அகலம், 8 உயரம். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. எல்லோரும் அதை ஒயாசிஸ் என்கிறார்கள். அது உண்மையில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் வேர்னன் சிமிதேர்ஸ் என்பவர் 1954இல் இதை உருவாக்கினார். இப்போது எந்த நாட்டில் யார் செய்த கட்டிக்கும் அந்தப் பெயர்தான்.

கட்டி நல்ல சாமான். ஆனால் தொழில் தொடங்குபவரின் முதற் காசு அதில் போகக் கூடாது. ஆழமான நான்கு வாளி, ஒரு கூரான கத்தி, முள் உரிக்கத் தடித்த கையுறை, நல்ல தண்ணீர் ஆகியவை முதலில் வேண்டும். அதன் பிறகுதான் கட்டி. இந்த வரிசையைப் புரட்டிப் போட்டவர்களின் பூக்கள்தான் தாலி கட்டும் நேரத்தில் தலை தொங்குகின்றன. பழி கட்டிக்குப் போகிறது, அல்லது பூ அனுப்பிய நுவரெலியாக்காரருக்குப் போகிறது.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பச்சை நிறக் கட்டி ஈரப் பூவுக்கு. சாம்பல் அல்லது மண்ணிறத்தில் அதே அளவில் ஒன்று இருக்கும்; அது காகிதப் பூ, துணிப் பூவுக்கு. அது தண்ணீர் குடிக்காது, எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் மிதந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைக்கும் கடைகள் உண்டு. பொலித்தீன் உறை கிழிந்த கட்டியையும், கண்ணாடி அலுமாரியில் வெயில் பட்டுக் கிடந்த கட்டியையும் விட்டுவிடுங்கள். விளிம்பை விரலால் உரசிப் பார்த்தால் மாவாக உதிரும்.

மலிவுக் கட்டிக்கும் நல்ல கட்டிக்கும் உள்ள வித்தியாசம் வெளியில் தெரியாது, நனைத்தால் தெரியும். நன்றாக ஊறிய முழுக் கட்டி இரண்டு கிலோவை நெருங்கும். குசினித் தராசில் வைத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே நின்றால் உள்ளே எங்கோ காற்று இருக்கிறது. பெட்டியாக வாங்க முன்னர் ஒரு கட்டியை எடுத்து இந்தச் சோதனையைச் செய்து, பிறகு நடுவால் வெட்டிப் பாருங்கள். உள்ளே வெளிறிய பச்சைத் திட்டு இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அந்தத் திட்டு கட்டியின் குற்றமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஊற வைத்தவரின் அவசரமும் அதைச் செய்யும். கட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கக் கூடாது. கட்டியை விட ஆழமான வாளியில் தண்ணீர் நிரப்பி, மேற்பரப்பில் படுக்கையாக விட்டுவிட்டுக் கையை எடுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அது தானாக இறங்கி, மேல்முகம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, கரும்பச்சையாகும். கையால் அமுக்கினால் வெளிப்பக்கம் முதலில் நனைந்து மூடிக்கொள்ளும். உள்ளே இருந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அந்த உலர்ந்த நடுவுக்குள் போய் நிற்கும் ரோசாத் தண்டு குடிக்க ஒன்றுமில்லாமல் அன்று பின்னேரமே கழுத்தை மடிக்கும். குழாயைத் திறந்து கட்டியின் மேல் விடுவதும் இதே பிழைதான்.

இனித் தண்ணீர். வெளியூரில் பழகிவிட்டு வருபவர்கள் வன்னியில் தவறுவது இங்கேதான். வவுனியாப் பக்கம் பல கிணறுகளில் புளோரைட்டு கூட. ஆட்களின் பல்லில் மஞ்சள் கறையாகத் தெரிவது பூவிலும் தெரியும். ஜெர்பரா, கிளாடியோலஸ், பிரீசியா மூன்றும் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் புளோரைட்டுக்கே இதழ் ஓரம் கருகத் தொடங்கும் வகை. கட்டி அந்தத் தண்ணீரை அப்படியே பிடித்து வைத்துத் தண்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும், மாற்றி ஊற்றவும் வழி இல்லை. மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் அது போதும். இல்லையென்றால் குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் ஊற வையுங்கள். ஒரு கட்டிக்கு இரண்டு லீற்றர் என்று கணக்கு வைத்தால் 20 லீற்றர்க் கலன் பத்துக் கட்டிக்குக் காணும். வாளியின் அடியில் மிஞ்சுவதை அடுத்த கட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். ரோசாவும் செவ்வந்தியும் புளோரைட்டுக்கு அவ்வளவு பயப்படுவதில்லை. ஆனால் கரையோரக் கிணற்றின் உப்பு எந்தப் பூவையும் விடாது.

கட்டி களைத்த பூவைத் தேற்றாது. இதை விளங்கிக்கொண்டால் பாதித் தொழில் கைக்கு வந்த மாதிரி. மலைநாட்டிலிருந்து இரவு வண்டியில் ஏ9 வழியாக வந்திறங்கும் ரோசாவும் கானேசனும் வழி முழுக்கத் தாகத்தில் வந்தவை. பெட்டியைத் திறந்ததும் தண்டின் அடியில் இரண்டு, மூன்று சென்ரிமீற்றரைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் நிற்கும் இலைகளை உரித்து, ஆழமான வாளியில் நிழலில் குறைந்தது இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். ஓர் இரவு நின்றால் இன்னும் நல்லது. வாளித் தண்ணீரை வெறும் வாயால் உறிஞ்சுவது போல் தண்டு குடிக்கும். கட்டிக்குள் போனால் கட்டியோடு இழுபறிப்பட்டுத்தான் குடிக்க வேண்டும். வயிறு நிறைந்த பூவைத்தான் அங்கே அனுப்பலாம்.

குளிர்ப்பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாப் பூவையும் அதற்குள் தள்ள வேண்டாம். ரோசாவுக்கும் கானேசனுக்கும் குளிர் நல்லது. அந்தூரியமும் ஓர்க்கிட்டும் வெப்ப நாட்டுப் பூக்கள், வீட்டுக் குளிர்ப்பெட்டியின் குளிரில் கருத்துப்போகும். கலியாண வீட்டில் பூ வாளியை வாழைக்குலை தொங்கும் அறையில் வைப்பதும் வேண்டாம். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு பட்டால் கானேசன் விரிந்த இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்கிவிடும். பிறகு எழும்பாது.

கட்டியை வெட்டுவது நனைத்த பிறகு. உலர்ந்த கட்டியை வெட்டினால் எழும்பும் தூசி பீனோல் போர்மல்டிகைட்டுப் பிசினின் தூள். கண்ணை அரிக்கும், நெஞ்சுக்குள்ளும் போகும். நனைந்ததை நீளமான பல்லில்லாக் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டலாம். பாத்திரத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் கட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் தண்டு குத்த இடம் கிடைக்கும். மேல் விளிம்புகளைச் சாய்வாகச் சீவிவிடுங்கள். பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெட்டு விட்டால் அடுத்த நாள் தண்ணீர் ஊற்ற அது வாய்க்கால். பாத்திரத்தின் விளிம்பு ஈரமாவதற்கு முன்னரே ரேப்பை ஒட்டுங்கள். நனைந்த விளிம்பில் எந்த ரேப்பும் பிடிக்காது.

தண்டைக் குத்தும்போது பூவுக்குக் கிட்டப் பிடிக்காமல் வெட்டிய முனைக்குக் கிட்டப் பிடியுங்கள். மூன்று, நான்கு சென்ரிமீற்றர் உள்ளே போனால் போதும். ஒருமுறை குத்தியதை இழுக்கக் கூடாது. இழுத்தால் தண்டின் நுனிக்கும் கட்டிக்கும் நடுவில் ஓட்டை விழும். அந்தக் காற்றிடத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் முழுவதுமாக எடுத்து வேறு இடத்தில் குத்துங்கள். புதிதாகப் பழகுபவர் ஒரு கட்டியில் நாற்பது, ஐம்பது தடவை குத்தி இழுத்து அதைப் பிட்டு மாவாக்கிவிடுவார். ஆகவே முதலில் இலையால் உருவத்தைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய பூ, கடைசியாகச் சின்னப் பூ. முழுக் கட்டிக்கு இருபது, முப்பது தண்டு அளவான சுமை.

ஜெர்பராவின் மெல்லிய தண்டு தானாகத் துளைக்காது. ஈர்க்குக் கட்டை போல ஒன்றால் துளை போட்டு இறக்குங்கள். தாமரையைக் கட்டியில் குத்தவே வேண்டாம். அதன் தண்டு முழுக்கக் காற்றுக் குழாய், கட்டிக்குள் நசிந்துவிடும். குளத்திலிருந்து விடியப் பறித்து வந்த தாமரைக்குத் தண்ணீர் நிறைந்த செம்பை விட நல்ல இடம் இல்லை. கார்த்திகைப்பூ வெட்டுப் பூவாக நன்றாக நிற்கும். ஆனால் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு, கிழங்கு மிகக் கொடியது. குழந்தைகள் கை நீட்டும் மேசையில் அது வேண்டாம்.

வெயிலில் கட்டி எப்படி? 34, 35 பாகை அடிக்கும் நாளில், கச்சான் காற்று வீசும் திறந்த பந்தலில், மூடாத கட்டியின் பக்கங்களிலிருந்தே தண்ணீர் பறக்கும். காலையில் வைத்த சோடினைக்கு மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை ஊற்ற வேண்டி வரும். தெரியும் பக்கங்களை வாழையிலையால் சுற்றி ஈர்க்குக் குத்திவிட்டால் அந்த வேகம் குறையும். பச்சைக் கட்டி கண்ணில் படாமலும் இருக்கும். மின்விசிறிக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை முழுதாகக் காய்ந்த கட்டி திரும்ப ஊறாது. மேலே தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடும்.

எந்த வேலைக்குக் கட்டி, எதற்கு வேண்டாம்? தேவாலய பீடத்துக்கு வாங்குங்கள். திருநாள் சோடினை இரண்டு, மூன்று நாள் நிற்க வேண்டும். உள்ளே நிழல், தண்ணீர் ஊற்ற ஆளும் உண்டு. கட்டி தன் விலையைக் காட்டும் இடம் அதுதான். கலியாணக் காரின் முன்பக்கத்துக்கும் உறிஞ்சு கிண்ணம் பூட்டிய கட்டித் தாங்கி வசதி. அதில் அரைக் கட்டிக்கு மேல் வேண்டாம், தாங்கியை நம்பாமல் ரிபனாலும் இழுத்துக் கட்டுங்கள். சாமத்தியவீட்டு மேசைகளுக்குக் கட்டியில் மூன்றில் ஒரு துண்டு போதும்.

மணவறைத் தூண்களுக்குக் கட்டி வீண் செலவு. சோடினை ஆறு மணி நேரம் நின்றால் போதும். வாழைக்குற்றியே அந்த ஈரத்தைக் கொடுக்கும். இருபது சென்ரிமீற்றர்த் துண்டில் தண்டுகளை நேரே குத்தலாம். அதன் கயர் வெள்ளை வேட்டியிலும் பந்தல் துணியிலும் பட்டால் போகாது என்பதால், வெட்டியதும் கவிழ்த்து வைத்துக் கயர் வடிய விட்டு, அடியில் பொலித்தீன் கட்டுங்கள். மரண வீட்டு மலர்வளையத்துக்கு வன்னியில் றெஜிபோம் வளையம் வாங்குவது எனக்கு விளங்காத செலவு. காலபோக அறுவடை முடிந்தால் வீதியோரமெல்லாம் வைக்கோல். அதை முறுக்கிச் சணலால் இறுக்கிச் சுற்றி வளையமாக்கி, நனைத்து, மேலே வாழைமடல் போர்த்திக் கட்டினால், ஊசிக்கம்பியில் கோத்த பூ ஒரு நாள் முழுக்க நிற்கும். பெரிய பூச்சாடிகளுக்கு இரண்டங்குலக் கண் உள்ள கோழி வலையை உருண்டையாகச் சுருட்டி உள்ளே இறக்குங்கள். பூ நேரே தண்ணீரில் நிற்கும். வலையைக் கழுவி வருடக்கணக்கில் பாவிக்கலாம்.

விலையைச் சொன்னால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். இறக்குமதிச் சாமான், 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இதுவும் கூடவே ஏறியது. தொடங்குபவருக்கு ஐந்து கட்டி போதும். 20 கட்டிப் பெட்டியை, மாதத்துக்கு இரண்டு பீடச் சோடினையாவது உறுதியான பிறகு வாங்குங்கள். பில் போடும்போது கட்டி, ரேப், பாத்திரம் மூன்றையும் எழுத மறந்துவிட்டுப் பூவுக்கு மட்டும் காசு கேட்பது புதியவர்களின் பொதுவான வருத்தம். பூவுக்குக் கொள்விலையின் மூன்று மடங்கு, சாமானுக்கு இரண்டு மடங்கு என்பது வெளிநாட்டுப் பூக்கடைகளின் பொதுக் கணக்கு. இங்கே மூன்று மடங்கு கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் வழியில் வாடி வீசப்படும் பூவின் விலையையும் அதற்குள்தான் எடுக்க வேண்டும் என்பதால், இரண்டுக்குக் கீழே இறங்கினால் கைக்காசு கரையும்.

கட்டியின் பெரிய குறை வேலை முடிந்த பிறகுதான் தெரியும். அது உக்காது, உடைந்து உடைந்து நுண்துகளாகும். மெல்போர்ன் ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் துகள்களை நீர்வாழ் உயிர்கள் உண்பதையும், கட்டியிலிருந்து தண்ணீரில் கரையும் பொருள்கள் அவற்றுக்குத் தீங்கு செய்வதையும் காட்டினார்கள். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021இல் தன் மலர்க் காட்சிகளில் கட்டிக்குத் தடை போட்டது. நம் ஊரில் வாடிய பூவைக் கோயில் கேணியிலோ குளத்திலோ விடும் வழக்கம் உண்டு. பூவை உருவி எடுத்துவிட்டுக் கட்டியைத் தனியே பிரிக்காமல் அதைச் செய்யாதீர்கள். ஊற வைத்த வாளித் தண்ணீரையும் பழைய துணியால் வடித்து ஊற்றுங்கள். வளவில் எரித்தால் நச்சுப் புகை. காய வைத்து, பையில் கட்டி, பிரதேச சபை வண்டிக்குக் கொடுப்பதுதான் இருப்பதில் குறைந்த தீமை.

பாதி வெட்டி மிஞ்சிய, பூக் குத்தாத ஈரத் துண்டைக் காய விடாமல், கொஞ்சத் தண்ணீரோடு பொலித்தீனில் இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தால் இரண்டு நாளைக்கு வேலைக்கு ஆகும். மூன்றாம் நாள் மணந்து பாருங்கள். ஊத்தைக் குளத்து மணம் வந்தால் பூவுக்கு வேண்டாம்.