சர்க்கரை பார்க்க லேபா, வீட்டு மெஷினா? எங்கள் வீட்டில் முடிவைச் சொன்னது ஸ்ட்ரிப் டப்பா

அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் நாலு வருடம் லேப் மட்டும்தான். மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பவும் போவார். கடந்த இரண்டு வருடமாக வீட்டிலேயே குளுக்கோமீட்டர், அதாவது விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப் என்கிற சின்னப் பட்டையில் வைத்துப் பார்க்கிற மெஷின். இரண்டிலும் காசு போட்டுப் பார்த்தாயிற்று. என் ஓட்டு மெஷினுக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லேபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய அதுதான் கணக்கு: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் ஹெச்பிஏ1சி என்கிற சராசரி டெஸ்டில் 6.5 அல்லது அதற்கு மேல், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை எடுத்து உறுதி செய்துகொள்வார்கள். வீட்டு மெஷினில் ஒருநாள் 130 காட்டியதை வைத்து யாரும் தனக்குச் சர்க்கரை என்று பயந்துகொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் லேப் தோற்றது அம்மாவால். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னாடியே வீட்டில் விரதம் ஆரம்பித்துவிடும். காபியில் சீனி கிடையாது, ராத்திரிக்கு இரண்டே சப்பாத்தி, பக்கத்து வீட்டு வளைகாப்பு லட்டைக்கூடத் தொட மாட்டார். ரிசல்ட் 118 என்று வரும், டாக்டரும் தலையாட்டுவார், அன்று சாயந்திரமே பருத்திப்பால் கிளாஸ் நிறைய. ஒருமுறை டாக்டர் ஹெச்பிஏ1சியும் சேர்த்து எழுதிக் கொடுத்தார், 8.4 வந்தது. அது ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற டெஸ்ட், மூன்று நாள் விரதம் அதனிடம் செல்லாது. சாயம் வெளுத்துவிட்டது. (ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் தடுமாறும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.)

மெஷின் வாங்கியது அதற்குப் பிறகுதான். ஆனால் அதன் அருமை தெரிந்தது ஒரு ராத்திரி மூன்று மணிக்கு. மாத்திரையைக் கூட்டியிருந்த வாரம் அது, அம்மா சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எழுப்பி, "ஏய்யா, கை கால் எல்லாம் நடுங்குது" என்கிறார், ஜாக்கெட் முழுக்க வேர்வையில் நனைந்திருக்கிறது. குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பக் குத்தினேன், 86. அப்புறம் இரண்டு பிஸ்கட். காலையில் டாக்டருக்குப் போன் போட்டதும் மாத்திரை அளவைக் குறைத்தார். அந்த நேரத்தில் எந்த லேப் திறந்திருக்கும்?

சரி, மெஷின் சொல்வதெல்லாம் உண்மையா? இல்லை. ஐஎஸ்ஓ 15197 என்கிற தரக்கட்டுப்பாட்டின்படியே நூறுக்கு மேல் இருந்தால் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். உண்மையில் 200 என்றால் மெஷின் 170-ம் காட்டலாம், 230-ம் காட்டலாம். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பில் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். அதனால் லேபையும் மெஷினையும் ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுக்கிற அதே நேரத்தில் குத்திப் பார்க்க வேண்டும். நாங்கள் செய்தோம், லேப் 131, மெஷின் 142. போதும்.

மெஷினைவிட நாம் செய்கிற தப்புதான் பெரிசு. போன சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அம்மா மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நீர்மோர் குடித்துவிட்டு வந்தார். பானகத்தைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். குத்தினால் 312. "மிஷினு பொய் சொல்லுது" என்று அம்மா, "நீ பொய் சொல்ற" என்று நான். கடைசியில் பார்த்தால் பேத்திக்குப் பானகம் டம்ளரைப் பிடித்துக் கொடுத்த விரல், பிசுபிசுவென்று இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து இன்னொரு ஸ்ட்ரிப்பில் பார்த்தால் 168. மன்னிப்புக் கேட்டேன்.

இனி ஸ்ட்ரிப். மெஷின் வாங்குகிறவர்கள் மெஷினைத்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதலில் வாங்கியது ஆஃபரில் வந்த ஒரு மெஷின், கூடவே 25 ஸ்ட்ரிப் இலவசம். அது தீர்ந்ததும் டவுன்ஹால் ரோட்டிலிருந்து சிம்மக்கல் வரை மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கினேன், அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப் ஒரு கடையிலும் இல்லை. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் வேலை செய்யாது. மெஷின் இப்போது மகள் விளையாட்டுச் சாமானோடு கிடக்கிறது. அடுத்த முறை எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் "அண்ணே, உங்ககிட்ட எப்பவும் எந்த ஸ்ட்ரிப் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ற மெஷினை வாங்கினேன்.

அடுத்த ஏமாற்றம் 50 டப்பா. அப்போது 900 ரூபாய், ஒன்று 18 ரூபாய் ஆகிறது, 25 டப்பா 525 ரூபாய், ஒன்று 21 ஆகிறது. ஐம்பதுதான் லாபம் என்று வாங்கினேன். ஆனால் எங்கள் ஸ்ட்ரிப்பில் டப்பாவைத் திறந்தபின் மூன்று மாதம்தான் கெடு, வெளியே அச்சடித்த எக்ஸ்பயரி திறக்காத டப்பாவுக்கு. அம்மா வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கிறார், மூன்று மாதத்தில் 26 போகும், மீதி 24 குப்பைக்கு. அப்படிப் பார்த்தால் ஒன்று கிட்டத்தட்ட 35 ரூபாய் விழுந்தது! இன்சுலின் போட்டு தினம் மூன்று வேளை குத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ், அவர்களுக்கு 50 டப்பாதான் சரி.

மதுரை வெயில் தனிச் செலவு. எங்கள் டப்பாவில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறது. கத்திரி வெயிலில் எங்கள் மாடி அறையில் எது 30 டிகிரி? ஒரு மே மாதம் டிவி ஸ்டாண்டில் கிடந்த டப்பாவிலிருந்து நான்கு ஸ்ட்ரிப் தொடர்ந்து எர்ரர் காட்டின. வெயில்தான் காரணமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் புது டப்பா திறந்ததும் சரியாகிவிட்டது. ஃப்ரிட்ஜிலும் வைக்கக்கூடாது, வெளியே எடுத்ததும் உள்ளே நீர் பூத்துவிடும். மூடியிலோ டப்பாவிலோ ஈரம் உறிஞ்சும் மருந்து இருப்பதால் வேறு டப்பாவுக்கு மாற்றவும் கூடாது. இப்போது கீழ் அறை பீரோவில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்று. மெஷின் வந்த சேதி தெரிந்ததும் தெருவே விரலை நீட்டிக்கொண்டு வந்தது. ஊசியை மட்டும் மாற்றினால் போதாது, குத்துகிற பேனாவையே பொதுவில் வைக்கக்கூடாது, மஞ்சள்காமாலைக் கிருமி பரவ வாய்ப்பு உண்டு. அத்தைமார்கள் கோபித்துக்கொண்டார்கள்தான். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சித்தி வீட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழக அரசுத் திட்டத்தில் வருகிற அக்கா வாசலிலேயே பார்த்துவிட்டுப் போகிறார்.

கையில் ஒட்டிக்கொள்கிற சென்சார் பற்றியும் கேட்பீர்கள். மச்சான் ஒருமுறை ஒட்டினார், 14 நாள். விலை பல ஆயிரம். அது ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கிற நீரைப் பார்க்கிறது, அதனால் சில நிமிடம் பிந்தித்தான் காட்டும், அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் பொய்யாக இறக்கிக் காட்டும். பரோட்டா சாப்பிட்டதும் கோடு ஏறுவதைப் பார்த்து மிரண்டுபோனார். ஒரே ஒரு பேட்ச் பார்த்த அனுபவத்தில் இதற்கு மேல் நான் பேசக்கூடாது.

லேபை விட்டுவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சிக்கு அம்மா போகிறார், கடைசியாக 7.1. டப்பாவைத் திறந்த தேதியை மார்க்கரில் அவரே எழுதிவிடுகிறார். இப்போது பீரோவில் இருப்பதில் "ஆடி 18" என்று இருக்கிறது. ஆங்கிலத் தேதி கேட்டேன், காலண்டரைப் பார்த்துக்கோ என்றார்.