28,500 ரூபாய்க்கு ஒரு துருச் செயின்

மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஒர்க் ஷாப் பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது, அது அதன் வழியில் நடக்கட்டும்.

என்னுடையது ஸ்விஃப்ட் பெட்ரோல், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. கார்த்திகை மழையில் ஒரு நாள் வடுவூர் தாண்டி ரோட்டை மூடிக்கொண்டு ஓடிய தண்ணீரில் இறங்கிவிட்டேன். பின்னால் பஸ், திரும்ப வழியில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் கழித்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போது (அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டு முடிக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கும்) முன்பக்கம் 'கொர்ர்ர்' என்று மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது.

தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். போர்டு, ஏசி ரூம், டீ எல்லாம் உண்டு. பையன் ஒருவன் பானெட்டைத் திறந்து அரை நிமிடம் காது கொடுத்தான். முதலாளி வந்து, "டைமிங் செயின் சார். இப்படியே ஓட்டுனீங்கன்னா நடு ரோட்டுல அறுந்து வால்வெல்லாம் வளைஞ்சிடும். அப்புறம் லட்சத்துல போகும்" என்றார். எஞ்சினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கிற சங்கிலிதான் அது. வாரம் இரண்டு முறை அப்பாவை டயாலிசிஸுக்கு தஞ்சாவூர் அழைத்துப் போகிறவன் நான். நடு ரோடு என்றதும் பயந்துவிட்டேன். 32,000 சொன்னதை 28,500-க்குக் குறைத்தேன். பேரம் படிந்ததில் எனக்குச் சந்தோஷம் வேறு!

நாலு நாள் வண்டி அங்கேயே நின்றது. திருச்சியிலிருந்து சாமான் வருகிறது என்றார்கள். திரும்ப எடுத்தபோது சத்தம் சுத்தமாக இல்லை. பழைய செயினை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். எவ்வளவு நேர்மையான ஆட்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

மார்கழி பிறந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் 'கீய்ய்ங்' என்று ஒரு கத்தல், கோயில் மைக்கில் போடுகிற திருப்பாவையையே அமுக்கிவிடுகிற அளவுக்கு. கூடவே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. ஒர்க் ஷாப்புக்குப் போன் போட்டால், "பனிக்கு அப்படித்தான் இருக்கும் சார்" என்றார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நீடாமங்கலத்தில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். தென்னை ஓலைக் கொட்டகை, ஒரே ஒரு உதவியாள். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்னால் எஞ்சினுக்கு வெளியே, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். தொட்டில் கயிறு மாதிரி உள்ளே போனது. "யாரோ வேணும்னே லூஸ் பண்ணி வச்சிருக்காங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முறுக்கினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பழைய 'கொர்ர்ர்' அப்படியே திரும்பி வந்தது. அடுத்து பெல்ட்டையே கழற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. அரை நிமிடம்கூட விடவில்லை. பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்ப் சுற்றாது, சூடேறிவிடும் என்றார். டைமிங் செயின் எஞ்சினுக்குள் இருக்கிறது, அந்த பெல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செயினில் கோளாறு என்றால் பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்திருக்க வேண்டும். செயின் சத்தம் வேறு மாதிரி இருக்கும், காலையில் ஆயில் ஏறுகிற வரை கலகலவென்று உலோகம் உரசுகிற மாதிரி வரும் என்றும் சொன்னார்.

ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றச் சொன்னார். உள்ளே மணல் கிடப்பது மாதிரி நறநறத்தது. வடுவூர் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கெடுத்திருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தினால் பேரிங் மேல் இழுப்பு குறைந்து சத்தம் அடங்கும். ஆனால் பெல்ட் வழுக்கும், கத்தும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. மார்கழிக் கச்சேரிக்குக் காரணம் அதுதான்.

அப்போது செயின்? முன் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். செயினை மூடியிருக்கிற டைமிங் கவர் எஞ்சினோடு சேருகிற கோட்டின் மேலே மழைச் சேறு ஒரே படையாகக் காய்ந்திருந்தது, கவரிலிருந்து பிளாக் வரை ஒரு விரிசல்கூட இல்லாமல். கழற்றி மாட்டியிருந்தால் அந்தப் படை உடைந்திருக்கும், ஓரத்தில் ஆயில் கசியாமல் ஒட்டுகிற புது பேஸ்ட் பிதுங்கி நின்றிருக்கும். போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் கருப்பு. பில்லில் நாலரை லிட்டர் புது ஆயிலுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். இந்த எஞ்சினுக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும்.

டிக்கியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினேன். பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "எந்நேரமும் ஆயில்ல ஊறுற செயின் எப்படி தம்பி துருப்பிடிக்கும்?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வாரம் அந்தத் துருவைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

பேரிங் இரண்டு, புது பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. சத்தம் போய்விட்டது.

ஒர்க் ஷாப்பில் நேரில் போய்க் கேட்டேன். "அப்ப வந்த சத்தம் வேற, இது வேற சார். வேணும்னா ஃப்ரீயா வாட்டர் வாஷ் பண்ணித் தர்றோம்" என்றார்கள். என் தப்பு, அவர்கள் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று போட்ட வெறும் தாள், ஜிஎஸ்டி எண் கிடையாது. ஜிபேயில் பணம் போனதும், சேற்றை எடுத்த வீடியோவும்தான் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தை முதல் வாரத்தில் திருவாரூரில் மனு கொடுக்கப் போகிறேன். இதே செயின் கதையைக் கேட்டு இதே மாதிரி பணம் கட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். பழைய செயின் என்று எதையாவது கொடுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.