"எல்லா டாங்குக்கும் சேரும்" என்று விற்கிற ஸ்கூபா அடாப்டரை வாங்காதீங்க

குளச்சல், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கமிருந்து கோவளத்துக்கு டைவிங் போகிறவர்கள் கவனத்துக்கு. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில், காற்று டாங்கையும் ரெகுலேட்டரையும் (டாங்குக் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) இணைக்க, எல்லா டாங்குக்கும் சேரும் என்று சொல்லி ஒரு அடாப்டரை விற்கிறார்கள். வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதீர்கள். கடைக்காரர் நல்லா தமிழ் பேசுவார், பதமாகவும் பேசுவார். எல்லை தாண்டிப் போகிற நம்ம ஆட்கள் அதை வைத்தே நம்பிவிடுகிறார்கள்.

என்னிடம் இருப்பது டின் (DIN) ரெகுலேட்டர், வால்வுக்குள்ளேயே மரையால் திருகி ஏற்றுகிற வகை. கோவளத்தில் எனக்கு வாடகைக்குக் கிடைக்கிற அலுமினிய டாங்குகளில் இருப்பது யோக் (yoke) வால்வ். அதில் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வால்வின் முகத்திலேயே இருக்கும், ரெகுலேட்டர் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். இந்த இரண்டையும் சேர்க்க, ரெகுலேட்டர் மரையில் ஏறும் கவ்வி அடாப்டர் ஒன்று வேண்டும். அதைத்தான் கேட்டேன். பளபளவென்று ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார்.

"அண்ணே, இது 300 பார் தாங்கும். எந்த டாங்கானாலும் கண்ணை மூடிட்டு மாட்டலாம்."

இந்தப் பேச்சே பொய். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. யோக் கவ்வி இணைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 12209 என்ற சர்வதேசத் தரம் அனுமதிக்கிற உச்ச அழுத்தம் 232 பார். அதில் 300 பார் என்று வாயால் சொல்லி விற்கவே கூடாது. அந்த அடாப்டரில் அழுத்த அளவும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொறித்திருக்கவில்லை.

கரையில் மாட்டி வால்வை மெல்லத் திறந்ததுமே 'ஸ்ஸ்' என்று இரைச்சல். அடைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் ஒரு பக்கமாகப் பிதுங்கி நசுங்கியிருந்தது. புது ஓ-ரிங் போட்டும் அதே கதை. 200 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 200 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். முகம் சரியாகப் படியாத இடத்தில் ரப்பர் எத்தனை நேரம் தாங்கும்? கரையில் பிதுங்கியதால் போயிற்று. கடலுக்கடியில் பிதுங்கியிருந்தால் சில நிமிடத்தில் டாங்க் காலியாகிவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்க டாங்க் வால்வ் தேஞ்சிருக்கும்ணே" என்றார். அதே டாங்கில் டைவிங் சென்டர்காரர்களின் யோக் ரெகுலேட்டரை மாட்டிக் காட்டியிருந்தார்கள், ஒரு குமிழி வரவில்லை. அதை வீடியோவாகவே காட்டினேன். பார்த்துவிட்டு, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்.

விழிஞ்ஞத்தில் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அடாப்டரின் கவ்வித் திருகு நடுவில் இல்லை, கொஞ்சம் விலகி இறங்குகிறது. முறுக்க முறுக்க ஒரு பக்கம்தான் அழுந்துகிறது. பிறகு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் டாங்கோடு மாட்டும் பகுதி) வாயிலுள்ள ஃபில்டரை டார்ச் அடித்துக் காட்டினார். "பாரு மக்கா, மினுங்குது." வெள்ளித்தூள் போல குரோம் பூச்சுச் செதில்கள் அப்பியிருந்தன. அந்த அடாப்டரின் உட்புறத்திலிருந்து உரிந்து வந்தவை. ஃபில்டரைத் தாண்டிப் பொடி உள்ளே போனால் காற்றை அடைக்கும் சீட்டில் கீறல் விழும், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்து அனுப்பும் இடை அழுத்தம் ஏறும், ரெகுலேட்டர் அடக்கமுடியாமல் காற்றைக் கொட்டும்.

என் அத்தை மகனுக்கு நடந்தது இதைவிட மோசம். அவனிடம் யோக் ரெகுலேட்டர், டாங்கில் 300 பார் டின் வால்வ். டின் வால்வின் மரைக்குள் திருகி அதை யோக் முகமாக்கும் இன்சர்ட் ஒன்று உண்டு, அல்லன் கீயால் (அறுகோணச் சாவி) ஏற்றுவார்கள். அது 200, 232 பார் வால்வுகளுக்கானது. 300 பார் வால்வின் குழி ஆழமானது, அங்கே இன்சர்ட் அடியைத் தொட்டு அடைக்காது. தவறிக்கூட யாரும் மாட்டிவிடக் கூடாது என்றுதான் அப்படி ஆழமாகச் செய்கிறார்கள். கடைப் பையன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு ஓ-ரிங் மேல் இன்னொரு ஓ-ரிங் வைத்து இறுக்கி, "இப்ப சரியாயிட்டு" என்று கொடுத்திருக்கிறான். நல்லவேளை, வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காட்டினான். பார்க்கவே கை நடுங்கியது. இதை நினைத்துத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

வாங்குகிறவர்கள் முதலில் டாங்க் வால்வின் போட்டோவை எடுத்துக்கொண்டு போங்கள். டின் ரெகுலேட்டரில் மரையை எண்ணுங்கள். 5 என்றால் 200 பார் வகை, 7 என்றால் 300 பார் வகை. 7 மரை உள்ளது இரண்டு டின் வால்விலும் சேரும், 5 மரை உள்ளது 300 பார் வால்வில் அடைக்காது. நைட்ராக்ஸுக்கு (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) ஐரோப்பாவில் எம்26 என்ற தனி மரையே உண்டு, அதில் வழக்கமான டின் மரையை (ஜி5/8) கொண்டுபோய் முறுக்காதீர்கள். அடாப்டரில் அழுத்த அளவு பொறித்திருக்க வேண்டும், ரெகுலேட்டர் தயாரித்த கம்பெனியின் அடாப்டரே கிடைத்தால் இன்னும் நல்லது. கவ்வி அடாப்டர் மாட்டினால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தலைப் பக்கம் தள்ளி நிற்கும், பின்மண்டையில் இடிக்கிறதா என்று கரையிலேயே பாருங்கள். அடிக்கடி போகிறவர்கள் டின், யோக் இரண்டுக்கும் மாற்றக்கூடிய வால்வுள்ள டாங்கைக் கேட்டு வாங்குவது மேல். அடாப்டரே வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கடை கேரளத்தில் இருந்தாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே, புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய உதவி எண் 1915. நான் பில், வீடியோ, அண்ணாச்சி எழுதிக் கொடுத்த சர்வீஸ் குறிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

கடை இன்னும் அதைத்தான் விற்கிறது. அடையாளம்: எழுத்தே இல்லாத பளபளப்பான கவ்வி, கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ். வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கழற்றி ஃபில்டரில் டார்ச் அடித்துப் பாருங்கள். மினுங்கினால் ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொடுக்காமல் கடலில் இறங்காதீர்கள்.