மான்டிசோரி உருளைக் கட்டைகள்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மூன்றேகால் வயதான என் மகளுக்காகச் சென்ற ஆவணியில் மான்டிசோரி உருளைக் கட்டைகள் நான்கில் முதலாவதையும் மூன்றாவதையும் வாங்கினோம். நீண்ட மரக்கட்டையில் பத்துக் குழிகள், ஒவ்வொரு குழிக்கும் அளவெடுத்துக் கடைந்த ஓர் உருளை, அதைத் தூக்கத் தலையில் ஒரு சிறு குமிழ், பொருள் இவ்வளவுதான். வண்ணமும் இல்லை, ஓசையும் இல்லை. ஒரு கட்டைக்கு 1,850 ரூபாய் கொடுத்தோம் என்று கேட்டதும் என் மாமியார் முகம் சுளித்ததில் தவறேதும் இல்லை.

முதற்கட்டையில் உருளைகளின் உயரம் ஒன்றே. பருமன் மட்டும் அரை சென்டிமீட்டர் வீதம் குறைந்துகொண்டே போகும். சிறிய உருளையைப் பெரிய குழியில் போட்டால் அது தடையின்றி உள்ளே இறங்கிவிடும், பிழை நேர்ந்தது குழந்தைக்கு அப்போது தெரியாது. ஆனால் முடிவில் கையில் ஒரு பெரிய உருளையும் அது நுழையவே முடியாத ஒரு சிறிய குழியும் மிஞ்சும். நான்காம் நாள் என் மகள் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். மிஞ்சிய உருளையை அழுத்திப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள், கட்டையையே திருப்பி வைத்தும் பார்த்தாள். "அது இல்லடா கண்ணு" என்று என் வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். சற்று நேரம் சும்மா இருந்தவள், ஒரு குழியில் உருளையைச் சுற்றி இருந்த இடைவெளிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, "இது லூசா இருக்கு" என்று சொல்லி அதைப் பிடுங்கி எடுத்தாள்.

இம்முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மான்டிசோரி, 1907இல் ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்னும் மழலையர் பள்ளியில், ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இதே உருளைகளை நாற்பது தடவைக்கு மேல் எடுத்து எடுத்துப் பொருத்தியதைப் பதிவு செய்திருக்கிறார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் சொல்லியும், அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் கவனம் கலையவில்லையாம். நம் வீட்டுப் பிள்ளைகள் நாற்பது தடவை செய்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் மகளின் உச்சம் ஒன்பது.

இனிக் குறைக்கு வருகிறேன். முதலில் வந்து சேர்ந்த கட்டையில் ஐந்தாவது, ஆறாவது உருளைகள் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தன. அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் பத்தும் உள்ளே போய்விட்டன. மகளும் கை தட்டி எழுந்துவிட்டாள். தவற்றைத் தானே காட்டிக் கொடுப்பதுதான் இக்கருவியின் வேலை என்னும்போது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகினால் எஞ்சுவது வெறும் மரத்துண்டு. கடைக்காரரோ, "குழந்தைங்க விளையாடத்தானே மேடம்" என்றார். மாற்றிக் கொடுக்கப் பன்னிரண்டு நாளானது; கூரியர் செலவும் நம் தலையில்தான். வாங்குவோர் பெட்டியைப் பிரித்த உடனே, அடுத்தடுத்த உருளைகளை இடம் மாற்றிப் போட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. ஐப்பசி மழையில் மரம் ஊதி, இரண்டு உருளைகள் குழியை விட்டு வர மறுத்ததையும் சொல்லியாக வேண்டும். வெயில் வந்ததும் சரியாயின.

நாங்கள் வாங்கிய மற்றொன்று மூன்றாவது கட்டை. அதில் பருமன் குறையக் குறைய உயரம் கூடும், அதாவது குட்டையானது தடித்தும் நெட்டையானது மெலிந்தும் இருக்கும். "எது பெரிசு?" என்று நான் கேட்டபோதெல்லாம் நெட்டை உருளையையே காட்டினாள். அகன்ற குவளையிலிருந்த நீரை ஒடுங்கிய குவளைக்கு மாற்றினால் நீர் கூடிவிட்டதாகச் சிறு குழந்தைகள் சொல்வதை சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தம் சோதனைகளில் காட்டினார். ஒரே நேரத்தில் இரண்டு அளவுகளை மனத்தில் நிறுத்துவது ஏறத்தாழ ஏழு வயதுவரை அவர்களுக்குக் கடினம். கண் ஏமாந்தாலும் கை ஏமாறவில்லை என்பதே எனக்கு வியப்பு: வாயால் தவறாகச் சொன்னவள், அடுத்த நொடியே உருளையைச் சரியான குழியில் இறக்கினாள்.

நான்கு கட்டைகளும் ஒரு வீட்டுக்குத் தேவையில்லை என்றே கருதுகிறேன். மழலையர் பள்ளி நடத்துவோர் வாங்கலாம். வீட்டுக்கு முதலாவதும் மூன்றாவதும் போதும், இரண்டரை வயதில் வாங்கினால் இன்னும் கூடுதல் காலம் உழைக்கும். என் மகள் மார்கழிக்குள் முதற்கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டே பொருத்தத் தொடங்கிவிட்டாள். இப்போது உருளைகள் அலமாரியில் கிடக்கின்றன. குழிகளில் புளியங்கொட்டையை நிரப்பிப் பாட்டிக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.