தொலைந்த மோதிரத்துக்கு எந்த மெட்டல் டிடெக்டர்? கொழும்பு மணலை வைத்து ஓர் ஒப்பீடு

கலியாண எழுத்தின்போது மாற்றிய மோதிரத்தை வெள்ளவத்தைக் கடற்கரையில் தவறவிட்ட என் மைத்துனருக்காக, இரவல் பெற்ற இரண்டு மெட்டல் டிடெக்டர்களோடு மூன்று பின்னேரங்கள் அந்த மணலில் நடந்திருக்கிறேன். குப்பையை ஒதுக்கிவிடும் திறன் என்று விற்பனையாளர்கள் எதைப் பெரிதாகப் புகழ்கிறார்களோ, அதுவே மோதிரம் தேடுபவருக்கு முதற்பகை என்பதை அங்கேதான் அறிந்துகொண்டேன்.

முதற்கருவி ஒற்றை மீடிறனில் (அதிர்வெண்ணில்) இயங்குவது. கரெட் நிறுவனத்தின் ஏ.ரி. புரோ இந்த வகையைச் சேர்ந்தது. அதன் மீடிறன் 15 கிலோஹேர்ட்ஸ். கருவியின் சுருள் இடைவிடாது ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்ப, அங்கே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அதன் எதிரொலி சற்றுப் பிந்தி இரண்டாவது சுருளை வந்தடைகிறது. அந்தப் பிந்துகையின் அளவைக் கொண்டே கருவி இரும்பா, வெள்ளியா என்று ஊகிக்கிறது. வீட்டு வளவிலும், காலிமுகத்திடலின் புற்றரையிலும், அலை எட்டாத காய்ந்த மணலிலும் இது தாராளமாகப் போதும். ஆனால் ஈர மணலுக்குள் இறங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. உப்புநீரும் மின்னைக் கடத்துமாதலால், எதுவுமே இல்லாத இடத்திலும் கருவி ஓயாமல் கத்துகிறது. உணர்திறனைக் குறைத்தால் சத்தம் அடங்கும். கூடவே ஆழமும் போய்விடும்.

பல மீடிறன்களை ஒருங்கே பயன்படுத்தும் கருவிகள் இந்தச் சிக்கலுக்காகவே பெயர்பெற்றவை. மைன்லாப் நிறுவனம் 2018இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஈகுவினொக்ஸ் 800 அவற்றுள் ஒன்று. உப்புநீரின் எதிரொலியும் உலோகத்தின் எதிரொலியும் வெவ்வேறு மீடிறன்களில் வெவ்வேறு விதமாக மாறுவதால், கருவி அவற்றை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. முதற்கருவி கத்திக்கொண்டிருந்த அதே ஈர மணலில் இரண்டாவது அமைதியாக நின்றபோது, அதன் கூடுதல் விலைக்கான காரணம் எனக்கு விளங்கியது. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைக் கடற்கரைகளில் அலை புரளும் விளிம்பில் தேடுவோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே.

மூன்றாவது வகை துடிப்புக் கருவி. இது இடைவிடாமல் அனுப்பாது, சிறு சிறு துடிப்புகளாக அனுப்பிவிட்டு, ஒவ்வொரு துடிப்பும் அடங்கிய பின்னர் எஞ்சும் மின்னோட்டம் எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று கேட்கிறது. உப்புநீரில் எழும் மின்னோட்டம் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தேய்ந்துவிடுவதால் அது கருவியின் காதுக்கு எட்டுவதில்லை. ஆழமும் நன்றாகக் கிடைக்கும். ஆயினும் இரும்பையும் பொன்னையும் பிரித்தறிவதில் இது பின்தங்கியது. ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடும் வெள்ளவத்தையில், துருப்பிடித்த ஆணிகளும் கம்பித் துண்டுகளும் மணலுக்குள் புதைந்திருக்க, இக்கருவியோடு இறங்குபவர் நாள் முழுவதும் இரும்புதான் தோண்டுவார். மிக மெல்லிய பொன்னின் மின்னோட்டமும் விரைவாகத் தேய்வதால், அதை இக்கருவி தவறவிடவும் கூடும்.

எந்தக் கருவியானாலும், உலோகத்தின் வகையை ஊகித்து அது திரையில் காட்டும் எண்ணை நம்பி மோதிரத்தைத் தேடலாகாது. பேணியைத் திறக்கும் அலுமினிய வளையமும், சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாளும், சாதாரண பொன் மோதிரமும் ஏறத்தாழ ஒரே எல்லைக்குள் எண் காட்டுகின்றன. 22 கரட்டைவிட 18 கரட் தாழ்ந்த எண்ணைக் காட்டலாம். பிளாட்டினம் இன்னும் தாழ்வாகவே வரும். எனவே இரும்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் தோண்டுங்கள். தொலைந்ததற்கு ஒத்த இன்னொரு மோதிரத்தை நூலில் கட்டி அதே மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, கருவி என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டுப் பழகுவது நல்லது. மைத்துனரின் மோதிரம் கிடைத்ததும், பேணி வளையம் என்று நான் முடிவுகட்டி அரைமனதோடு தோண்டிய குழியொன்றிலேதான்.

மோதிரம் முழு வளையமாக இருப்பது நமக்கு வாய்ப்பானது. மின்னோட்டம் அதைச் சுற்றி வர முடிகிறது. இடைவெளி விட்டுச் செய்யப்படும் மெட்டியும், மெல்லிய சங்கிலியும் இதே எடையில் இருந்தாலும் மிக மெலிதாகவே ஒலிக்கும்.

அரிதட்டையும் விறாண்டியையும் ஏளனமாக எண்ண வேண்டாம். விழுந்த இடம் இரண்டு மூன்று அடிக்குள் உறுதியாகத் தெரிந்து, மணலும் காய்ந்திருந்தால், அரிப்பதே மிக விரைவான வழி. காந்தம் பொன்னை இழுக்காது. கரையோரக் கருங்கற்களின் இடுக்கில் விழுந்ததற்குக் கையும் டோர்ச்சுமே துணை. கடல் வற்றட்டும் என்று காத்திருப்பதாலும் இங்கு அதிகப் பயனில்லை. பிற நாட்டுக் காணொளிகளில் வற்றின்போது பரந்த மணற்பரப்பு வெளிப்படுவதைக் காண்கிறோம், கொழும்பிலோ வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் மணலை அரித்து இடம்மாற்றிவிடுவதால், அன்றைக்கே தேடுவது அவசியம்.

வீட்டுக்குள் இக்கருவிகள் எவையும் உதவா. கொங்கிறீற் தரைக்குள் இருக்கும் கம்பிகள் எல்லா ஒலியையும் விழுங்கிவிடும். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடலிலிருந்த குண்டைத் தேடிய கிரஹம் பெல்லின் கருவியை, படுக்கையிலிருந்த எஃகுச் சுருள்கள் குழப்பின என்றே சொல்லப்படுகிறது.

நம் நாட்டில் மெட்டல் டிடெக்டரோடு மண்ணைத் தோண்டுபவரைக் கண்டால் புதையல் தேடுகிறார் என்ற ஐயமே முதலில் எழும். அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் தடைசெய்கிறது. ஆகவே தேடத் தொடங்குமுன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் மோதிரம் தொலைந்ததை முறைப்பாடாகப் பதிந்து, கருவியோடு செல்லவிருப்பதையும் சொல்லி, முறைப்பாட்டின் பிரதியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.