'ரெகுலேட்டட்' என்ற ஒரு சொல்லை நம்பி இழந்தது ரூ. 2,350: டார்ச் வாங்குவோர் கவனத்திற்கு

இன்று மாலை மூன்றாவது முறையாக அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்; கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு மின்சாதனக் கடை என்பதற்கு மேல் பெயர் சொல்லப்போவதில்லை.

எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில் வருவதால், மோட்டார் போட வயலுக்குப் போக நல்ல டார்ச் தேவைப்பட்டது. 18650 என்ற ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல் போடும் எல்.ஈ.டி. டார்ச் ஒன்றை எடுத்த கடைக்காரர், "சார், இது ரெகுலேட்டட் மாடல். செல் தீரும்வரை வெளிச்சம் இப்படியே நிற்கும்" என்று சொல்லி எதிர்ச்சுவரில் அடித்துக் காட்டினார். முழுச் சார்ஜில் பத்து நொடிக்கு எந்த டார்ச்சும் அப்படித்தான் பளிச்சிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல; ஆனாலும் அந்தச் சொல்லை அவர் அத்தனை இயல்பாகச் சொன்னதால், விஷயம் தெரிந்தவர் என்று நம்பி ரூ. 2,350 எண்ணிக் கொடுத்தேன்.

முதல் இரவே, பக்கத்து வயல்காரர் தம் டார்ச்சை அருகில் அடித்தபோதுதான் என்னுடையது எவ்வளவு மங்கிவிட்டது என்று உறைத்தது. வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும்போது கண் பழகிவிடுகிறது. மறுநாள் மல்டிமீட்டரில் பார்த்தேன்: செல் 4.1 வோல்ட்டில் இருந்தபோது 2.4 ஆம்பியர் ஓடியது, 3.7 வோல்ட்டுக்கு இறங்கியதும் ஒரு ஆம்பியர்கூட இல்லை. எல்.ஈ.டி.யில் மின்னழுத்தம் சிறிது குறைந்தாலே மின்னோட்டம் மளமளவென்று சரியும். வெளிச்சமும் கூடவே சரியும். அப்படிச் சரியவிடாமல் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்துவதுதான் ரெகுலேட்டர் சுற்றின் வேலை, அதுதான் இதில் இல்லை. நல்ல டார்ச்சும் சூடேறினால் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது உண்மை. என்னுடையது அப்போது வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

முதல் முறை போனபோது "சார்ஜ் சரியாகப் போட்டிருக்கமாட்டீர்கள்" என்றார்கள். இரண்டாம் முறை, செல்லுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். நான் செல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. இன்று, "பெட்டியில் 6 மணி நேரம் என்று போட்டிருக்கிறது, அதுவரை எரிகிறதா இல்லையா?" என்று கேட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார் முதலாளி. எரிகிறதுதான், மின்மினி போல. டார்ச்சுகளுக்கான ஆன்சி எஃப்.எல். 1 என்ற அமெரிக்க அளவுமுறையிலேயே, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஆகும் நேரத்தைத்தான் எரியும் நேரமாகக் கணக்கிடுகிறார்கள். ஆகவே அந்த 6 மணி நேரத்தை வைத்து வெளிச்சம் நிலையாக நிற்குமா என்று அறிய முடியாது.

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. பாதி தீர்ந்த செல்லைப் போட்டு எரித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரத்தோடு வெளிச்சம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். 18650 செல்லில் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். 'ரெகுலேட்டட்' என்று வாயால் சொன்னால் அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது "டார்ச் 1, ரூ. 2,350" மட்டும்தான்.